கார்டு உள்ளே, ஆள் வெளியே

திங்கட்கிழமை காலையில் எனக்கு வரும் முதல் மின்னஞ்சலோடு ஒரு எக்செல் கோப்பு வரும். போன வாரம் டீமில் யார் எத்தனை நாள் கார்டைத் தேய்த்து உள்ளே வந்தார்கள், எவ்வளவு நேரம் கட்டடத்துக்குள் இருந்தார்கள் என்ற கணக்கு. குறைந்தவர்களின் பெயருக்கு நேரே சிவப்பு. அவர்களிடம் காரணம் கேட்டு, கோப்பின் கடைசிப் பத்தியில் நான் எழுதி அனுப்ப வேண்டும். யார் என்ன முடித்தார்கள், யார் எதில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள் என்பதற்கெல்லாம் அந்தக் கோப்பில் இடம் கிடையாது.

நான் டீம் லீட். மேலே இருப்பவர்களுக்கு நான் ஊழியர் பக்கம் சாய்கிறவன், டீமில் இருப்பவர்களுக்கு நிர்வாகத்தின் ஆள். அலுவலகத்துக்கு வா, வரமாட்டேன் என்ற இந்த இழுபறியை இப்படி நடுவில் நின்று சில வருடங்களாகப் பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இரண்டு தரப்பும் தங்கள் உண்மையான காரணத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. நிர்வாகம் ‘கூட்டுழைப்பு’ என்கிறது, ஊழியர் ‘உற்பத்தித்திறன்’ என்கிறார். இரண்டுமே அரை உண்மை. அரை உண்மையை வைத்துக்கொண்டு பேரம் பேசினால் அது எங்கே படியும்?

இந்தச் சண்டை கொரோனாவோடு பிறந்ததும் அல்ல. அமெரிக்காவில் ஜாக் நில்ஸ் என்ற பொறியாளர் 1970களின் தொடக்கத்திலேயே, ஆள் வேலைக்குப் போவதற்குப் பதிலாக வேலை ஆளிடம் வரட்டும் என்று ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் சோதித்துப் பார்த்தார். வீட்டிலிருந்து செய்தவர்களைத் திரும்ப அழைப்பதும் புதிதில்லை. யாஹூ 2013இல் அழைத்தது, ஐபிஎம் 2017இல் அழைத்தது. அப்போதெல்லாம் அது அந்தந்தக் கம்பெனியின் பிரச்சினையாகப் போனது. 2020 மார்ச்சில் நடந்ததுதான் வேறு. அதுவரை ‘செக்யூரிட்டி அனுமதிக்காது, கிளையன்ட் ஒப்புக்கொள்ள மாட்டார்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களே, சில நாளில் மேசைக் கணினிகளை அட்டைப் பெட்டியில் கட்டி வீடுவீடாக அனுப்பி வைத்தார்கள். முடியாது என்று சொன்னது முடிந்துவிட்டது. அதை எல்லோரும் கண்ணால் பார்த்தாயிற்று. அதற்கப்புறம் அந்தப் பழைய காரணம் ஒன்றும் எடுபடவில்லை.

அந்தக் காலத்தில் வாக்குறுதிகளும் தாராளமாக வந்தன. விரும்புகிறவர்கள் நிரந்தரமாகவே வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று ட்விட்டர் 2020 மே மாதம் அறிவித்தது. 2022 நவம்பரில், நிறுவனம் கைமாறிய சில நாட்களிலேயே, அது போய்விட்டது. வீடியோ கால் விற்றே வளர்ந்த ஜூம்கூட 2023இல், அலுவலகத்துக்கு 50 மைலுக்குள் இருப்பவர்கள் வாரம் இரண்டு நாள் வர வேண்டும் என்றது. அமேசான் 2023 மே முதல் மூன்று நாள் என்றது, 2025 ஜனவரி முதல் ஐந்து நாள் என்றது.

ஊழியர்களின் கோபத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பயணம் சிரமம் என்பது தெரிந்த விஷயம், முன்பும் அது சிரமம்தான். ஆனால் அந்த வார்த்தையை நம்பி ஆட்கள் வாழ்க்கையையே மாற்றி வைத்துவிட்டார்கள். பெற்றோருக்குப் பக்கத்தில் வீடு பார்த்துப் போனார்கள். குழந்தையை அங்கே பள்ளியில் சேர்த்தார்கள். கடன் வாங்கி வீடு கட்டினார்கள். நியமனக் கடிதத்தை எடுத்துப் பார்த்தால் ‘நிறுவனம் தீர்மானிக்கும் இடத்தில் பணிபுரிய வேண்டும்’ என்ற வரி எங்காவது இருக்கும். சட்டப்படி நிர்வாகம் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் டவுன் ஹால் என்னும் ஊழியர் பொதுக்கூட்டத்தில் மைக் பிடித்துச் சொன்னதைக் கேட்டவர்கள் யாரும் அப்போது நியமனக் கடிதத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

சரி, வேலை எங்கே நன்றாக நடக்கிறது? இதற்கு ஆதாரம் காட்டச் சொன்னால் இரண்டு பக்கமும் ஆளுக்கொன்று எடுத்து நீட்டலாம். சீனாவின் சிட்ரிப் பயண நிறுவனத்தில் 2010–11இல், பொருளாதார வல்லுநர் நிக்கோலஸ் புளூம் குழுவினர் கால் சென்டர் ஊழியர்களை வைத்து நடத்திய சோதனையில், வீட்டிலிருந்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது. வீட்டிலிருந்து வேலை செய்வதே நல்லது என்பவர்கள் இதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். மிச்சத்தையும் படிக்க வேண்டும். சோதனை முடிந்து, இனி உங்கள் விருப்பம் என்றபோது அதில் கலந்துகொண்டவர்களில் பாதிக்கு மேல் இடம் மாறிக்கொண்டார்கள். வீட்டில் தனிமை தாங்கவில்லை என்றவர்கள் இருந்தார்கள். அதே அளவு செயல்திறன் காட்டியும் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகக் கிடைத்தது. சென்னையில் டேட்டா என்ட்ரி ஆட்களை வைத்து நடந்த இன்னொரு ஆய்விலோ, வீட்டிலிருந்தவர்கள் 18 சதவீதம் பின்தங்கினார்கள்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது ஆய்வு. அதே சிட்ரிப், இப்போது டிரிப்.காம். 1,612 பேர், அவர்களில் ஒரு பாதிக்கு வாரம் இரண்டு நாள் வீடு. இரண்டு வருட மதிப்பீடுகளில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. வேலையை விட்டுப் போகிறவர்கள் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். முடிவுகள் 2024இல் ‘நேச்சர்’ இதழில் வந்தன. இதில் எனக்குச் சுவாரசியமாக இருந்தது மேனேஜர்களின் மனமாற்றம். தொடங்கும் முன் உற்பத்தித்திறன் 2.6 சதவீதம் குறையும் என்று கணித்தவர்கள், முடிந்த பிறகு ஒரு சதவீதம் கூடியிருக்கிறது என்றார்கள். அதாவது, செய்து பார்க்கும்வரை அது வெறும் பயம்.

அந்தப் பயத்தின் அளவை 2022இல் மைக்ரோசாஃப்ட் கருத்துக்கணிப்பு ஒன்று காட்டியது. ஊழியர்களில் 87 சதவீதம் பேர் ‘நான் நன்றாகத்தான் வேலை செய்கிறேன்’ என்றார்கள். தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களில் 85 சதவீதம் பேர், சில நாள் வீடு, சில நாள் அலுவலகம் என்ற கலப்பு முறை வந்த பிறகு அதை நம்புவது கடினமாக இருக்கிறது என்றார்கள். இதை ஏன் நேராகச் சொல்லக் கூடாது? ‘உங்களைக் கண்ணால் பார்க்காமல் நீங்கள் வேலை செய்கிறீர்களா என்று கண்டுபிடிக்க எங்களுக்குத் தெரியவில்லை’ என்று சொன்னால், சரி, எப்படி அளக்கலாம் என்று உட்கார்ந்து பேசலாம். பத்து வருட குத்தகைக்கு எடுத்த கட்டடம் காலியாகக் கிடக்கிறது என்பதும் சொல்லக்கூடிய காரணம்தான். சொல்ல முடியாத காரணம் ஒன்றும் உண்டு. கட்டாயப்படுத்தினால் சிலர் தாங்களாகவே போய்விடுவார்கள், ஆட்குறைப்பு என்று பெயர் வாங்க வேண்டியதில்லை. இதை யாரும் மின்னஞ்சலில் எழுதுவதில்லை, காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள்.

ஊழியர் பக்கமும் அப்படி ஒன்றும் வெள்ளந்தியில்லை. ‘வீட்டில் எனக்கு இரண்டு மடங்கு வேலை ஓடுகிறது’ என்று வாதாடுகிற பலருக்கு உண்மையில் வேண்டியது நேரம். தூங்க, சமைக்க, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர, படுக்கையில் இருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்ள. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனால் ‘எனக்கு நேரம் வேண்டும்’ என்று சொன்னால் அது சலுகை கேட்பதாகிவிடும் என்று பயந்து, கம்பெனியின் நன்மைக்காகத்தான் வீட்டில் இருக்கிறேன் என்கிறார்கள். இன்னொரு வகையும் இருக்கிறது. விசைப்பலகையில் வேலை நடப்பதுபோல் காட்டியதாகச் சொல்லி 2024இல் வெல்ஸ் ஃபார்கோ வங்கி சிலரை வேலையை விட்டு அனுப்பியது. ஆள் இல்லாமல் மவுஸை அசைக்கும் கருவிகள் கடையில் கிடைக்கின்றன. பத்து பேர் ஒழுங்காக இருந்தாலும், இப்படி ஒருவர் மாட்டினால் போதும், அடுத்த டவுன் ஹாலில் அவர்தான் உதாரணம்.

ஆக, கட்டாயம் வந்ததும் என்ன நடந்தது? வந்தார்கள். கார்டைத் தேய்த்தார்கள், ஒரு காபி குடித்தார்கள், நாலு பேருக்கு வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய் மிச்ச வேலையை வீட்டில் பார்த்தார்கள். இதற்கு ‘காபி பேட்ஜிங்’ என்று உலகம் முழுக்கப் பெயரே வந்துவிட்டது. கார்டு கணக்கில் ஆள் உள்ளே, நிஜத்தில் வெளியே. அதைப் பிடிக்க, உள்ளே இருந்த மணி நேரத்தையும் எண்ண ஆரம்பித்தார்கள். என் எக்செலில் ஒரு பத்தி கூடியது. இருந்தவர்களும் என்ன செய்தார்கள்? ஆளுக்கொரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, வேறு ஊரில் இருக்கும் டீமோடு வீடியோ காலில் பேசினார்கள். பக்கத்து இருக்கைக்காரர் சத்தம் போடுகிறார் என்று ஒருவர் படிக்கட்டில் உட்கார்ந்து மீட்டிங்கை முடித்தார். இதுதான் கூட்டுழைப்பு.

இதற்காக அலுவலகமே வீண் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. காரணம், எங்களிடம் சேரும் புதியவர்கள்.

கல்லூரி முடித்து நேராக வீட்டிலிருந்தே வேலையில் சேர்ந்த பையன் ஒருவன். எது கேட்டாலும் சாட்டில் ‘சரி’ என்று பதில் வரும். காலையில் வந்த ஒரு எரரோடு சாயங்காலம்வரை தனியாக மல்லுக்கட்டியிருக்கிறான், யாருக்கும் தெரியாது. ஏன் கேட்கவில்லை என்றதற்கு, “எல்லாரும் பிஸின்னு காட்டுச்சு. கேக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சேன்” என்றான். பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் அவன் தட்டமாட்டான். அதே பையன் அலுவலகத்துக்கு வரத் தொடங்கிய பிறகு ஒரு நாள், இரண்டு சீனியர்கள் தரவுத்தளத்தில் தகவல் தேடும் ஒரு கொயரி ஏன் இழுக்கிறது என்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். இவன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டான். அப்புறம் எழுந்து போய் அவர்களுக்குப் பின்னால் நின்றான். கடைசியில் பேனாவை வாங்கி, வெள்ளைப் பலகையில் ஒரு அம்புக்குறியை மாற்றிப் போட்டு, “இது இப்படித்தானே?” என்றான். அவன் பதில் தப்பு. ஆனால் ஏன் தப்பு என்று பத்து நிமிடம் நின்று விளக்கினார்களே, அந்தப் பத்து நிமிடத்தை எந்த காலண்டர் அழைப்பிலும் வாங்க முடியாது.

ஒரு பெரிய நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களை ஆராய்ந்த பொருளாதார வல்லுநர்கள் இதைத்தான் கண்டார்கள். டீம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் இளையவர்கள் எழுதும் நிரலுக்குக் கருத்துகள் அதிகம் கிடைக்கின்றன. அதற்கு விலையும் உண்டு, சொல்லிக் கொடுக்கிற சீனியர்களின் சொந்த வேலை குறைகிறது. என் டீமில் அலுவலகத்துக்கு வர அதிகம் முரண்டு பிடித்தவர்கள் யாரென்று இப்போது யோசித்துப் பார்த்தால் அது சோம்பல் இல்லை. வந்தால் அவர்கள் நஷ்டப்படுகிறார்கள். சொல்லிக் கொடுத்த நேரம் அவர்கள் அப்ரைசலில் எங்குமே ஏறுவதில்லை. டிக்கெட், அதாவது பதிவான வேலை, எத்தனை முடித்தாய் என்றுதான் கேட்கிறோம். நிர்வாகம் உண்மையிலேயே புதியவர்களுக்காகத்தான் அழைக்கிறது என்றால், எண்ண வேண்டியது வாசல் கதவை அல்ல. சொல்லிக் கொடுத்ததை எண்ண வேண்டும்.

எங்கள் டீமில் ஒரு ஏற்பாடு செய்தோம். விதி மூன்று நாள். அதில் இரண்டு நாளை எல்லோருக்கும் பொதுவாக நிர்ணயித்தோம். அந்த நாட்களில் முற்பகல் எந்த வீடியோ காலும் கிடையாது, புதியவர்கள் சீனியர் பக்கத்தில் உட்காருவார்கள். மூன்றாவது நாள் அவரவர் வசதி. அரையாண்டு மதிப்பீட்டில் ‘யாருக்கு என்ன சொல்லிக் கொடுத்தீர்கள்’ என்ற கேள்வியையும் நானே சேர்த்தேன், ஹெச்.ஆர். படிவத்தில் இல்லாததால் குறிப்புப் பகுதியில் எழுதுகிறேன். முணுமுணுப்பு நிற்கவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளுக்கு எக்செலில் சிவப்பு ஏறக்குறைய மறைந்துவிட்டது. மூன்றாவது நாளுக்குத்தான் இன்னும் காரணம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த நாளில் வந்தால் செய்ய என்ன இருக்கிறது என்று கேட்டால் என்னிடமும் பதில் இல்லை.

சட்டம் இதில் பெரிதாகக் கைகொடுக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், சேர்ந்த முதல் நாளிலிருந்தே நெகிழ்வான பணிமுறை கேட்கும் உரிமை இருக்கிறது. கேட்கும் உரிமைதான். நிறுவனம் காரணம் சொல்லி மறுக்கலாம்.

எங்கள் ஏற்பாட்டாலும் ஒருவரைத் தக்கவைக்க முடியவில்லை. டீமிலேயே நீண்ட காலம் இருந்தவர், பழைய சிஸ்டத்தின் ஒவ்வொரு மூலையும் அவருக்குத் தெரியும். பெற்றோரைப் பார்த்துக்கொள்ள சொந்த ஊருக்குப் போய்விட்டவர். விதிவிலக்கு கேட்டு நான் எழுதியதற்கு ‘ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள்’ என்று பதில் வந்தது. ராஜினாமா கடிதத்தை அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். “உங்க மேல ஒண்ணும் வருத்தம் இல்ல. நாலு மாசமா சொல்லிக்கிட்டுத்தான இருந்தேன்” என்றார். விலகும் படிவத்தில் காரணத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். சம்பளம், வளர்ச்சி, மேற்படிப்பு, உடல்நலம், சொந்தக் காரணம். அலுவலகம் வரும் கட்டாயம் என்று ஒன்று அதில் இல்லை. அவர் ‘சொந்தக் காரணம்’ என்று போட்டார். மேலே போகும் அறிக்கையில் அவர் அப்படித்தான் பதிவாகியிருப்பார், கட்டாயத்தால் யாரும் போகவில்லை என்று அடுத்த கூட்டத்தில் யாராவது சொல்லவும் செய்வார்கள்.

அவர் இடத்துக்கு ஆள் எடுக்க நேர்காணல் நடக்கிறது. வருகிற எல்லோரும் சம்பளத்துக்கு முன்னால் கேட்பது, “எத்தனை நாள் வரணும்?” என்றுதான். இப்போதைக்கு மூன்று, அதில் இரண்டுக்கு என்னால் காரணம் சொல்ல முடியும், அடுத்த வருடம் மாறலாம் என்று உள்ளதைச் சொல்கிறேன். அந்த எண்ணை வேலைவாய்ப்புக் கடிதத்திலேயே போட்டுவிடலாம், மாற்றினால் மூன்று மாத அவகாசம் தருவோம் என்றும் எழுதலாம் என்று ஹெச்.ஆருக்கு அனுப்பியிருக்கிறேன். சட்டப் பிரிவு பார்த்துக்கொண்டிருக்கிறதாம்.