கயாக் தள்ற வண்டி: மூணாவது தடவைதான் அமைஞ்சுது

என்ற கயாக் 12 அடிங்க, வெறும் படகே 38 கிலோ வரும், அதுல சீட்டு, நாலு தூண்டில் ராடு, சாமான் பொட்டி, மீன் தேடற மிஷினுக்கு பேட்டரி, தண்ணி கேன் எல்லாம் ஏத்துனா 55 கிலோ ஆயிரும். நான் எறங்கறது மேட்டூருக்கு கீழ நெருஞ்சிப்பேட்டை பக்கம் காவேரியில, எதுத்த கரை பூலாம்பட்டி. தடுப்பணைல தண்ணி தேங்கி நிக்கறதால ஆறு அங்க ஏரி மாதிரி அகலமா கெடக்கும், கயாக்குக்கு அருமையான எடம். ஆனா கார் நிக்கற எடத்துல இருந்து தண்ணிக்கு 300 மீட்டர் இருக்கும். மொத பாதி இட்டேரி, ரெண்டு பக்கமும் வேலி, தடம் பூரா முள்ளு. அப்பறம் கல்லும் மண்ணுமா ஒரு எறக்கம், கடைசியில கொஞ்சம் மணல். ரெண்டு பேரு தூக்கிட்டுப் போனாலே இடுப்பு போயிருது, தனியா போற அன்னிக்கு நெனச்சே பாக்க முடியாது. அதான் படகுக்கு அடியில மாட்டி உருட்டிட்டுப் போற ரெண்டு சக்கர வண்டி தேடுனேன்.

மொதல்ல ஆன்லைன்ல வாங்குனது ஓட்டைல சொருகற வண்டி. மேல உக்காந்து ஓட்டற கயாக்குல தண்ணி வடியறதுக்கு அடிவரைக்கும் ஓட்டை விட்டிருப்பாங்கல்ல, ஸ்கப்பர் ஓட்டைம்பாங்க, அதுல ரெண்டு கம்பியை கீழ இருந்து சொருகி நிமித்துனா முடிஞ்சுது, பெல்ட்டே வேண்டாம். ஒரு நிமிசத்துல வேலை முடியும்னு ஆசப்பட்டு வாங்கிட்டேன். சிமெண்ட் தரையில, வெறும் படகா இருந்தா அது நல்ல வண்டிதான், ஆனா நான் சாமான் பூரா ஏத்தி கல்லு மேல உருட்டுனேன், அத்தனை பாரமும் ரெண்டு ஓட்டை வாயில குதிச்சு குதிச்சு விழுந்துச்சு. நாலாவது தடவை கரைக்கு வந்து வடிகால் மூடியை கழட்டுனா உள்ளாற இருந்து அரை லிட்டர் தண்ணி கொட்டுது. கமுத்திப் போட்டு டார்ச் அடிச்சுப் பாத்தப்பத்தான் ஓட்டையோட உள் வளையத்துல தலைமுடி மாதிரி ஒரு வெள்ளக் கோடு தெரிஞ்சுது, நகத்தை வெச்சு இழுத்தா நகம் மாட்டுது. அந்த எடத்துல பிளாஸ்டிக் வெல்டிங் கையே உள்ள போகாத வேலை, செஞ்சு முடிக்க ஒரு நாள் ஆச்சு. இந்த மாடல் வாங்கறவங்க ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல எத்தனை இஞ்சுனு அளந்துட்டு வாங்குங்க, சாமானை எறக்கி வெச்சுட்டு தனியா கொண்டு போங்க.

ரெண்டாவது, தொட்டில் மாதிரி ரெண்டு கை வெச்ச வண்டி, படகை மேல வெச்சு பெல்ட்டுல கட்டறது. இதுல பாரம் அடிப்பக்கம் பூரா பரவறதால ஓட்டைக்கு தொந்தரவு இல்ல. 10 இஞ்சு காத்து டயரு, மெத்து மெத்துனு போச்சு, ஆனா மூணாவது தடவையே கருவேல முள்ளு ஏறி இட்டேரி நடுவுல ஒரு பக்கம் படுத்துருச்சு. பஞ்சர் ஒட்டி கொண்டு போனா அடுத்த வாரம் இன்னொரு பக்கம். கடற்கரைக்காரங்க பெரிய பலூன் டயரு போடறாங்க, மணல்ல புதையாம போறதுக்கு அது சரி, நம்மூரு முள்ளுக்கு அது ஒரு நாள் தாங்காது. இன்னொரு சிக்கல், கல்லு தட்டுன ஒடனே வண்டி அங்கயே நின்னுக்குது, படகு மட்டும் முன்னால வந்துருது. அதுக்காக ராச்செட் பெல்ட்டை போட்டு முறுக்குனேன், வெய்யில்ல பிளாஸ்டிக் இளகி இருந்ததால அடியில உள்ளங்கை அளவுக்கு குழி விழுந்துருச்சு. இப்ப கையால இழுத்துக் கட்டற சாதா பக்கிள் பெல்ட்டுதான். அதோட வண்டி பிரேம்ல இருந்து சீட்டுக்கு முன்னால இருக்கற வளையத்துக்கு இன்னொரு கயிறு, அது கட்டுன பொறகு வண்டி நகரவே இல்ல.

மூணாவது கோயமுத்தூர் ஆவாரம்பாளையத்துல ஒரு லேத்துல சொல்லி செஞ்சது. 20 எம்எம் ராடு அச்சு, எஸ்எஸ் பைப்பு பிரேம், காத்து இல்லாத 10 இஞ்சு பஞ்சு ரப்பர் சக்கரம், ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல 2 அடி. அகலம் கொறச்சா தடம் சாஞ்ச எடத்துல கவுந்துரும், அதுல மட்டும் விட்டுக் குடுக்காதீங்க. படகு படற எடத்துல ஏசி பைப்புக்கு சுத்தற கருப்பு பஞ்சு போட்டிருக்கேன்.

வண்டியை எந்த எடத்துல வெக்கோணும்ங்கறதை எனக்கு சொல்லிக் குடுத்தது அங்க பரிசல் போடற ஒரு பெரியவரு. நான் படகு நடுவுலயே கட்டி மூக்கு மேலயும் கீழயும் ஆட ஆட இழுத்துட்டு வர்றதைப் பாத்துட்டு, “சாமி, மாட்டு வண்டி ஓட்டுனதில்லையா, கொஞ்சம் முன்பாரம் இருக்கோணும், பின்பாரம் ஆச்சுன்னா மாட்டு கழுத்தை நெரிச்சுப் போடும்”னாரு. வீட்டுக்கு வந்து தொங்கற தராசை மூக்குக் கைப்பிடியில மாட்டி அளந்தேன். மூக்குல இருந்து 8 அடியில வண்டி வெச்சா கைக்கு 14 கிலோ வருது, 300 மீட்டருக்கு அது ஜாஸ்தி. 7 அடியில வெச்சா 8 கிலோ, ஆட்டமும் இல்ல கையும் வலிக்கல. பெல்ட்டு வர்ற எடத்துல மார்க்கர்ல கோடு போட்டு வெச்சுட்டேன்.

எறக்கம்தாங்க ஆபத்து. இந்த வண்டிக்கு பிரேக்கு கெடையாது, முன்னால நின்னு இழுத்துட்டு எறங்குனா 55 கிலோவும் நம்ம குதிங்கால் மேலதான் வரும். கூட வந்த மாப்ளைக்கு ஒரு தடவை அப்படித்தான் தோல் பேந்து போச்சு, ஒரு வாரம் நொண்டுனான். இப்ப நான் வால் பக்கம் 5 மீட்டர் கயிறு கட்டி படகை முன்னால விட்டு பின்னால இருந்து புடிச்சு எறக்கறேன், ரொம்ப சரிவான எடத்துல அங்க இருக்கற புளிய மரத்துல கயிறை ஒரு சுத்து சுத்திட்டு கொஞ்சம் கொஞ்சமா விடறது. கயிறை கையில மட்டும் சுத்திக்காதீங்க, இழுத்துச்சுன்னா வெரலு போயிரும். ஏத்தத்துல பேட்டரியும் தண்ணி கேனும் தனி நடை.

கடையாணி விசயம் சொல்லோணும். சக்கரத்தை புடிச்சு நிறுத்தற சின்ன பின்னு மணல்ல விழுந்து தொலஞ்சு, திரும்பி வர்றப்ப பொழுது எறங்கற நேரத்துல சக்கரம் கழண்டு ஓடிருச்சு. இப்ப பின்னை நைலான் கயிறுல பிரேமோடவே கட்டி வெச்சிருக்கேன், பொட்டியில உபரி ரெண்டு இருக்கு.

எறங்குன பொறகு வண்டியை தண்ணியோரம் விட்டுட்டுப் போறதில்ல. ஆத்துல வரிசையா தடுப்பணை, கரண்டு எடுக்கறதுக்கு தண்ணி விடறப்பவும் நிறுத்தறப்பவும் மட்டம் மாறும், காத்தால காஞ்சு கெடந்த மணல் மத்தியானம் முழுகிரும். சக்கரத்தை கழட்டி பின்னால சாமான் குழியில போட்டு கட்டிக்கறேன். மேட்டூர்ல தண்ணி தெறந்து விடற சமயம் கயாக்கே எறக்கறதில்ல.

போன ஞாயித்துக்கிழமை தனி ஆளா 11 நிமிசத்துல தண்ணிக்குப் போயிட்டேன். ஒரே கொறை, சக்கரத்துல பால் பேரிங் போட்டுட்டேன், வண்டல் புகுந்து இப்பவே கரகரங்குது. தண்ணிக்குள்ள எறங்கற சக்கரத்துக்கு குண்டு இல்லாத வெறும் குழாய் மாதிரி இருக்கற நைலான் புஷ்தான் சரி, இந்த வாரம் லேத்துக்கு கொண்டு போறேன்.