கால் பைபாஸுக்குப் பிறகு டாப்ளர் ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியவை

கால் பைபாஸ் என்பது, அடைத்த தமனியைத் தாண்டி ரத்தம் போக ‘கிராஃப்ட்’ என்ற மாற்றுக் குழாயை வைக்கும் அறுவை. அதன்பின் ரத்த ஓட்டத்தை ஒலியலையால் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனுக்கு, பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுடன் துணைக்குப் போய்வருகிறோம். கடைசி வரியில் ‘கிராஃப்ட் பேட்டன்ட்’ என்று இருந்தால் நிம்மதியாகக் கிளம்பிவிடுகிறார்கள். ரத்தம் ஓடுகிறது என்பதுதான் அதற்குப் பொருள். சுருக்கம் வளர்கிறதா என்பதை நடுவில் உள்ள எண்கள்தான் சொல்லும்.

‘பி.எஸ்.வி’ என்ற வரிசையைப் பாருங்கள். தொடை இடுக்கிலிருந்து கணுக்கால்வரை ரத்தம் பாயும் உச்ச வேகம் அது, நொடிக்கு இத்தனை செ.மீ. என்று இருக்கும். சுருங்கிய இடத்தில் வேகம் ஏறும். முட்டிக்கு மேல் 80, கிராஃப்டின் கீழ்முனை தமனியோடு சேரும் கீழ் இணைப்பில் 320 என்றால் விகிதம் 4. சொந்தச் சிரையை வைத்த கிராஃப்டில் வேகம் 300-ஐயும் விகிதம் 3.5-ஐயும் தாண்டினால், 70 சதவீதத்துக்கு மேல் சுருக்கம் என்றே பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். வலியே இல்லாவிட்டாலும் உடனே வாஸ்குலர் சர்ஜனிடம் (ரத்தக்குழாய் அறுவை நிபுணர்) காட்டுங்கள். ரத்தம் ஓடும்போதே சரிசெய்வது எளிது. முழுக்க அடைத்தபின் மீட்பது மிகக் கடினம்.

குறைந்த எண்ணை யாரும் கவனிப்பதில்லை. கிராஃப்ட் நெடுக வேகம் 40–45-க்குக் கீழே இருந்தால் ஓட்டம் மந்தம், உறையக்கூடும். ஆனால் சிரை அகலமாக இருப்பதாலும் வேகம் குறைவாகக் காட்டலாம். அதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

கணுக்கால்–கை அழுத்த விகிதமான ‘ஏ.பி.ஐ’ முன்பைவிட 0.15-க்கு மேல் இறங்கினால் காரணம் தேட வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு 1.4-க்கு மேல் வந்தால் மகிழ வேண்டாம். சுண்ணாம்பு படிந்து தமனி அழுந்தவில்லை, அவ்வளவுதான். கால் விரல் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் மாதச் சிக்கல் பெரும்பாலும் அறுவையின்போதே நேர்ந்தது: சிரைக்குள் வெட்டப்படாமல் விட்ட வால்வு, கிராஃப்டில் முறுக்கு, தையல் கோளாறு. அதன்பின் 2 வருடம்வரை பெரும்பாலும் கிராஃப்டின் உள்சுவர் தடித்துச் சுருங்குவதுதான் காரணம். ஆகவே 1, 3, 6, 12-ஆம் மாதங்களில் ஸ்கேன் என்பதே பொதுவான வழக்கம்.

டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காதீர்கள். கிராஃப்ட் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, சிரையா செயற்கைக் குழாயா என்று தெரியாமல் ஸ்கேன் செய்தால் கீழ் இணைப்பு விட்டுப்போகும். செயற்கைக் குழாய்க்கு மேற்சொன்ன வேக அளவுகள் அவ்வளவு நம்பகமல்ல.

கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள், சில மணி நேரம்தான் அவகாசம்.