கருப்பு அட்டையின் மணல் சட்டை

மார்ச் 4
நீர் நன்றாக வற்றியிருந்தது. பவளத்திட்டின் மேல் முழங்கால் அளவுகூட இல்லை. கருப்புக் கடல் அட்டைகள் (கடல் வெள்ளரிகள்) அங்கங்கே கிடந்தன. அறிவியல் பெயர் ஹோலோதூரியா ஆட்ரா. 1833-இல் யேகர் என்ற ஆய்வாளர் பெயர் வைத்த இனம். பெரும்பாலும் ஒரு சாண் நீளம், சில அதைவிடப் பெரிது. உடம்பெல்லாம் மணல். முதுகில் மட்டும் இரண்டு வரிசையாக, வட்ட வட்டமாகக் கருந்தோல் தெரிகிறது. மணல் சும்மா ஒட்டியதல்ல, தோலிலுள்ள குழாய்க்கால்கள் பிடித்து வைத்திருக்கின்றன. வெயில் நேரடியாகப் படாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்கிறார்கள். நம்பலாம், இன்றைய தண்ணீர் எனக்கே சுட்டது.

மார்ச் 5
எது முன், எது பின் என்பதை அது தின்னும்போதுதான் கண்டுபிடிக்க முடிகிறது. வாயைச் சுற்றி 20 குட்டை உணர்கொம்புகள். ஒவ்வொன்றாக மணலை அள்ளி உள்ளே தள்ளுகின்றன. மணலில் படிந்த நுண்பாசியும் பாக்டீரியாவும் மக்கும் துகள்களும்தான் சாப்பாடு. மிச்ச மணல் பின்பக்கம் கயிறுபோல் வந்துவிடுகிறது.

மார்ச் 9
கலங்கல். ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 12
பின்துளை திறந்து திறந்து மூடுவதை வெகுநேரம் பார்த்தேன். மூச்சு விடுகிறது! உள்ளே மரம்போல் கிளைவிட்ட இரண்டு மூச்சு உறுப்புகள், பெயரே சுவாச மரங்கள். ஆசனவாய் வழியாக நீரை இழுத்து அவற்றை நிரப்புகிறது. கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம், அவ்வளவுதான். இன்னொன்றின் வாயருகே புள்ளி போட்ட குட்டி நண்டு ஒன்று ஒட்டியிருந்தது. இந்த நண்டுகள் கடல் அட்டைகளின் மேலேயே குடியிருப்பவை.

மார்ச் 13
கூட வந்தவர் ஒன்றை லேசாகத் தேய்த்துவிட்டார். அது விறைத்துக் கட்டையானது, அவர் விரல் சிவந்தது. ரத்தம் இல்லை, தோலிலிருந்து கசியும் சாயம். அட்டையின் தோலில் மீன்களுக்கு ஆகாத நஞ்சும் உண்டு. இதன் உறவுக்காரரான லியூகோஸ்பிலோட்டா என்ற இன்னொரு கடல் அட்டை என்றால் வெள்ளை ஒட்டுநூல்களைப் பீய்ச்சியிருக்கும். ஆட்ராவிடம் அந்த ஆயுதம் கிடையாது.

மார்ச் 20
ஒன்றுக்கு நடுவில் இடுப்பு ஒடுங்கியிருந்தது. முன்பாதியும் பின்பாதியும் எதிரெதிராக முறுக்கிக்கொண்டிருந்தன.

மார்ச் 21
அதே இடத்தில் இரண்டு துண்டுகள். தன்னையே இரண்டாகப் பிளந்துகொண்டிருக்கிறது. முன்பாதிக்குப் புதிதாக ஆசனவாய் வளர வேண்டும், பின்பாதிக்கு வாய். அதுவரை பின்பாதிக்குச் சாப்பாடு கிடையாது. அப்புறம் இரண்டும் முழு அட்டைகளே. முட்டையும் விந்தும் நீரில் விட்டுப் பெருகும் வழியும் இவற்றுக்கு உண்டு. ஆனால் இந்த ஆழமில்லாத தரையில் ஏன் இத்தனை அட்டைகள் என்பதற்கு, பெரும்பகுதி விடை இந்தப் பிளவுதான்.