ஞாயிறன்று விடுப்பு எடுத்த ஞாயிறு

மொட்டைமாடியில் சோலார் பேனல் மாட்டிய நாளிலிருந்து எனக்கு வானத்தோடு ஓயாத வழக்கு. மொத்தம் 10 பேனல், 3 கிலோவாட். கைபேசியில் செயலியைத் திறந்தால் அன்றைய உற்பத்தி ஒரு மலை போலத் தெரியும்: காலையில் ஏறி, நண்பகலில் உச்சி தொட்டு, மாலையில் இறங்கும். அந்த மலையை ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது பார்ப்பேன். குழந்தை பிறந்தபோதுகூட இப்படிப் பார்த்ததில்லை என்று மனைவி சொல்கிறாள். மறுக்க முடியவில்லை.

முதல் அடி கோடையில் விழுந்தது. மேகமே இல்லை, தரையில் கால் வைக்க முடியாத வெயில். இன்று சாதனைதான் என்று உட்கார்ந்திருந்தேன். மாலையில் கிடைத்தது 11.8 யூனிட். ஒரு வாரம் கழித்து, இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த மறுநாள், சில்லென்று காற்று வீச 14.1! பேனலுக்கு வேண்டியது வெளிச்சம்தான், சூடு இல்லையாம். அதன் திறனை, அதிலுள்ள சிறு கட்டங்களான செல்களின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும்போது அளந்து எழுதுகிறார்கள். மாடி வெயிலில் அது 60ஐத் தாண்டிவிடும். கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் அளவுக்குத் திறன் கழியும். போதாததற்கு அந்த மழை, நான் மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட தூசியையும் காக்கை எச்சத்தையும் இலவசமாகக் கழுவியிருந்தது.

இதற்குப் பிறகுதான் மர்மக் கதை. குளிர்காலம் வந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மலையில் ஒரு பள்ளம். ஒன்பதரை மணிக்கு மேல் 2 கிலோவாட் வரவேண்டிய இடத்தில் 1.2தான் வரும். பதினொன்றரைக்குத் தானாகவே சரியாகிவிடும். திங்கள் முதல் சனி வரை ஒரு குறையும் இல்லை. சூரியனுமா வார விடுமுறை எடுக்கும்? மேகத்தைச் சந்தேகித்தேன். இன்வெர்ட்டரைச் சந்தேகித்தேன். பேனல் மாட்டியவரைத் தொலைபேசியில் அழைத்து, "ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழுதாகிறது" என்றேன். அவர் சிறிது நேரம் பேசவே இல்லை. பிறகு, மிகவும் பொறுமையாக, "ஒருமுறை மாடிக்குப் போய்ப் பாருங்கள், சார்" என்றார்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு ஏறினேன். பேனல்களுக்கு முன்னால் கொடியில் இரண்டு படுக்கை விரிப்புகள் கம்பீரமாகக் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் நிழல் நான்கு பேனல்களின் கீழ் விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்கு விழுந்திருந்தது. ஒரு சாண்தானே என்று நினைக்கக் கூடாது. எங்கள் பேனலில் செல்கள் மேலிருந்து கீழாக மூன்று பிரிவாகச் சங்கிலி போல ஓடுகின்றன; சங்கிலியில் ஒரு செல் மறைந்தாலும் அந்தப் பிரிவே அடைபடும். கீழ் வரிசை மறைந்தால் மூன்றும் அடைபடும், பேனல் முழுவதும் படுத்துவிடும். பத்தில் நான்கு போனால் 2 கிலோவாட் 1.2 ஆகும். கணக்குக் கச்சிதம்.

"கொடியை இங்கே கட்டிய அறிவாளி யார்?" என்று கீழே பார்த்துக் கத்தினேன்.

"நீங்கள்தான்" என்றாள் மனைவி.

உண்மை. கோடையில் கட்டினேன். அப்போது சூரியன் உயரத்தில் இருந்ததால் நிழல் பேனலை எட்டவில்லை. குளிர்காலத்தில் அது தாழ்வாகச் செல்ல, நிழல் நீண்டுவிட்டது.

அன்று மாலையே கொடியைப் பேனல்களுக்குப் பின்னால் மாற்றினேன். அடுத்த ஞாயிறு மலை பள்ளமின்றி நின்றது. ஏறக்குறைய ஒன்றரை யூனிட் மீண்டது. வெற்றிச் செய்தியோடு இறங்கினால், மனைவி ஈரம் போகாத விரிப்பை மேசைமேல் விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கொடி இப்போது பேனல்களின் நிழலில் இருக்கிறதாம்.

இஸ்திரிப் பெட்டி 1000 வாட். நான் செயலியை மூடிவிட்டேன்.