வீட்டு முகவரியில் ஒரு செய்திமடல்

கட்சியின் உள்ளூர்க் கிளை வெளியிடும் செய்திமடலில் நான் பல ஆண்டுகளாகத் தன்னார்வலராகப் பணியாற்றி வருகிறேன். பகலில் சம்பளத்துக்கு வேறு வேலை. மாலையிலும் விடுமுறை நாள்களிலும் இந்த வேலை. இவ்விரண்டுக்கும் நடுவில் குடும்பத்துக்கு நேரம் எங்கிருந்து வருகிறது என்றுதான் பலரும் கேட்பார்கள். என் அனுபவத்தில் நேரம் அவ்வளவு பெரிய சிக்கல் அன்று. வீட்டின் முகவரியையும் தொலைபேசியையும் சாப்பாட்டு மேசையையும், அக்கம்பக்கத்தாரோடு வீட்டாருக்கு இருக்கும் உறவையுங்கூட, யாரிடமும் கேட்காமலேயே செய்திமடல் எடுத்துக்கொள்கிறது. தன்னார்வலராகப் பெயர் கொடுத்தவள் நான் ஒருத்திதான். அதன் சுமையில் ஒரு பங்கு வீட்டில் எல்லோருக்கும் வந்து சேர்ந்தது.

நேரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இதழ் வேலை நாள்தோறும் சீராக வருவதில்லை. வாரக்கணக்கில் ஒன்றும் இருக்காது, பிறகு எல்லாம் ஒரே இரவில் வந்து குவியும். தாளை நடுவில் மடித்துப் பிணைக்கும் இதழில் பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் அமையும். எட்டுப் பக்க இதழில் ஒரு கட்டுரை கடைசி நேரத்தில் அரைப் பக்கம் நீண்டுவிட்டால், அதற்காக ஒன்பதாம் பக்கம் ஒன்றைச் சேர்க்க முடியாது. வேறு ஒருவருடைய எழுத்தைக் குறைக்க வேண்டும், குறைப்பதற்கு முன் அவரிடம் பேச வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் பெரும்பாலும் சுருங்கியே வந்து சேரும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அச்சுக் கணக்கின்படி பத்து சென்டிமீட்டர் அகலப் படத்துக்கு ஏறத்தாழ 1,200 புள்ளிகள் தேவைப்படுவதால், எடுத்தவரைத் தேடிப்பிடித்து மூலப்படத்தைக் கேட்க வேண்டும். கைப்பேசியில் ஒருங்குறியில் (யூனிகோடில்) தட்டச்சு செய்த கட்டுரையைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் சில வேளை கொம்பும் காலும் இடம் மாறிவிடும். இவையெல்லாம் பெரும்பாலும் குழந்தைகள் உறங்கிய பிறகுதான் கண்ணில் படும். இதழ் முடிக்கும் வாரம் எதுவென்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே நாள்காட்டியில் குறித்து வைத்ததும், அந்த வாரத்தில் வீட்டு வேலைகளைக் கணவர் ஏற்றுக்கொண்டு மற்ற வாரங்களில் நான் ஈடுசெய்ததும் இதற்குப் போதுமானவையாக இருந்தன. முன்கூட்டியே தெரிந்த இல்லாமையைக் குடும்பம் பொறுத்துக்கொள்ளும். திடீரென்று வருவதைத்தான் பொறுக்காது.

முகவரிச் சிக்கல் இவ்வளவு எளிதாகத் தீரவில்லை. தேர்தல் துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் இடம்பெற வேண்டும் என்று இந்தியாவில் 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு சொல்கிறது. பிரிட்டனிலும் 2000ஆம் ஆண்டின் அரசியல் கட்சிகள், தேர்தல்கள், பொதுவாக்கெடுப்புகள் பற்றிய சட்டத்தில் இதைப் போன்ற விதி உண்டு. பெயர் தெரியாத அவதூறுத் தாள்களைத் தடுக்கும் நல்ல விதி இது. எங்களைப் போன்ற சிறு குழுக்கள் தேர்தல் இல்லாத காலத்திலும் அந்த வழக்கத்தைக் கடைப்பிடிப்பது நேர்மைதான். ஆனால் சொந்த அலுவலகம் இல்லாத கிளைக்கு முகவரி என்பது யாரோ ஒருவருடைய வீடு. எங்கள் இதழின் கடைசிப் பக்க அடியில் இருந்தது எங்கள் வீடு.

அந்த வரியைப் படித்துவிட்டு அழைப்பவர்கள் கட்டுரையைப் பாராட்ட அழைப்பதில்லை. தெருவிளக்கு எரியவில்லை, குப்பை எடுக்க ஆள் வரவில்லை, கடந்த இதழில் என் பெயரை ஏன் விட்டீர்கள் என்று எல்லாம் வரும். நான் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் தொலைபேசியை எடுத்தவர் என் மாமியார். “ஏம்மா, உன் பத்திரிகைக்கு நான் என்ன குமாஸ்தாவா?” என்று ஒருநாள் கேட்டார், கேட்டுவிட்டு, அழைத்தவரின் தெருவையும் குறையையும் எழுதிய தாளை என்னிடம் நீட்டினார். எங்கள் குறைதீர்ப்புப் பகுதி உருவானது அந்தத் தாள்களிலிருந்துதான். அவருக்குக் கட்சி அரசியலில் துளியும் ஆர்வம் கிடையாது. கிளைக் கூட்டத்தில் உழைப்பாளர்களுக்கு நன்றி சொன்னபோது அவர் பெயரை யாரும் நினைக்கவில்லை; நினைத்தாலும் எந்தப் பொறுப்பின் கீழ்ச் சொல்வது என்று தெரிந்திருக்காது.

மகளின் பங்கு வேறு வகையானது. உள்ளூர் மன்ற உறுப்பினர் ஒருவரின் நிலைப்பாட்டைக் கேள்வி கேட்டு ஓர் இதழில் எழுதியிருந்தோம். அவருடைய மகள் என் மகளின் வகுப்புத் தோழி. கட்டுரையை நிறுத்த நான் சம்மதிக்கவில்லை, இன்றும் சம்மதிக்க மாட்டேன். உள்ளூர் அரசியலில் தெரிந்தவரை விட்டுவிட்டு எழுதுவதென்றால், எழுதுவதற்கு யாருமே மிஞ்ச மாட்டார்கள். ஆனால் அச்சுக்குப் போகுமுன் அவருக்குக் கேள்விகளை அனுப்பி, வந்த பதிலை முழுமையாகச் சேர்த்தோம். கூட்டக் குறிப்பில் உள்ளதற்கு மேல் ஒரு அடைமொழியும் வைக்கவில்லை. எங்கோ தொலைவில் இருக்கும் தலைவரைப் பற்றி எழுதும்போது வரும் வீராவேசம், நாளை பள்ளி வாசலில் பார்க்கப்போகிறவரைப் பற்றி எழுதும்போது வராது. அதனால் நடை சற்று மட்டுப்படுவது நல்லதென்றே எனக்குத் தோன்றுகிறது. மகள் அதற்குப் பிறகு இதழ் விநியோகத்துக்கு வர மறுத்துவிட்டாள். அவளை நான் மறுபடி கேட்கவில்லை.

கணவர் கட்சி உறுப்பினர் அல்லர். ஆனாலும் மெய்ப்புப் பார்க்க அவரைப்போல் ஆள் கிடைப்பது அரிது. எழுதியவரின் கண் பிழையைத் தாண்டிப் போய்விடும், கட்சிக்காரரின் கண் கட்சிச் சொற்களைத் தாண்டிப் போய்விடும். “இந்தத் தீர்மானம் யாருக்கு என்ன செய்யும் என்று எங்கேயும் எழுதவில்லையே” என்று அவர் ஓரத்தில் குறித்த இடங்களில்தான் எங்கள் இதழ் மிகவும் திருந்தியது. வேட்பாளர் ஆதரவுக் கட்டுரைகளை மட்டும் தொடமாட்டேன் என்று அவர் ஒரு கோடு போட்டார். குழுவில் சிலருக்கு அது வருத்தம், எனக்கு இல்லை.

இவற்றையெல்லாம் குழுவின் முன் வைத்தபோது பேச்சு முதலில் அர்ப்பணிப்பு, தியாகம் என்ற திசையில் போனது. அந்தச் சொற்கள் வந்துவிட்டால் நடைமுறையைப் பேச முடியாது. இரண்டு மூன்று கூட்டங்களுக்குப் பிறகே ஏற்பாடு ஒன்று உருவானது: வெளியிடுபவர் பொறுப்பு ஆண்டுதோறும் மாறும், ஏற்பவர் தம் வீட்டாரிடம் கேட்ட பிறகே ஒப்புக்கொள்வார், இதழில் குழுவுக்கென வாங்கிய தனி எண் மட்டும் இருக்கும், இரவில் அது அணைக்கப்படும். வீட்டாரிடம் கேட்க வேண்டும் என்பதைச் சிலர் கேலி செய்தார்கள். பொறுப்பை ஏற்க முன்வந்த முதல் ஆளின் மனைவி மறுத்துவிட்டார். பணி காரணமாகத் தம் பெயரோ முகவரியோ கட்சி இதழில் வரக்கூடாது என்பது அவர் சொன்ன காரணம். கேலி அத்தோடு நின்றது.

தேர்தல் சிறப்பிதழ்தான் இன்னும் முடிவாகவில்லை. அதற்குக் குறித்த வாரம் என்று எதுவும் கிடையாது. வேட்பாளர் அறிவிப்பு எப்போது வருகிறதோ அப்போது வேலை தொடங்கும், வாக்குப்பதிவுக்கு முன்பே வீடு வீடாகப் போய்ச் சேர வேண்டும். பக்க வடிவமைப்பை மட்டும் ஏற்கிறேன், ஆசிரியர் பொறுப்பு வேண்டாம் என்று குழுவிடம் சொல்லியிருக்கிறேன். கணவரோ வடிவமைப்பாளரைத்தான் எல்லோரும் நள்ளிரவில் அழைப்பார்கள் என்கிறார். அவர் சொல்வது சரிதான் என்பதால் ஆசிரியர் பொறுப்பையே கேட்டு வாங்கலாமா என்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.