ஒரு மாதம் தள்ளிப்போட்டால் எவ்வளவு?

எரிபொருள் விலைக் கணக்குப் பார்க்கும் என்னிடம் அரசுத் தரப்பில் கேட்ட கேள்வி இதுதான்: "இந்த ஒரு மாதம் டீசல் விலையை ஏற்றாமல் விட்டால் அரசுக்கு எவ்வளவு ஆகும்?" குறிப்பில் நான் எழுதிய பதில்: விலை 100 என்றால் லிட்டருக்கு 5, அதை ஒரு மாத விற்பனையால் பெருக்கிக்கொள்ளலாம். பெருக்கலில் தவறில்லை. யாரும் திருத்தவும் இல்லை. ஆனாலும் அந்த ஒற்றை வரி இன்றுவரை என்னை உறுத்துகிறது.

விலைச் சூத்திரம் பார்ப்பதற்கு எளிமையாக இருக்கும். இறக்குமதி விலை, கப்பல் கூலி, காப்பீடு, நாணய மாற்று வீதம், சேமிப்பு, போக்குவரத்து, விற்பனையாளர் கமிஷன், வரி எல்லாம் கூட்டினால் அடக்க விலை. ஒரு நாள் விலையை நம்பாமல் முந்தைய 30 நாள் சராசரியை எடுப்போம். அதற்கு மேல் ஓர் உச்சவரம்பு உண்டு: அடக்க விலை எவ்வளவு ஏறினாலும் விற்பனை விலையை மாதத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. மீதியை அரசு தாங்கும். சந்தை இறங்கும் காலத்தில் விற்பனை விலையை மெல்ல இறக்கி, தாங்கியதை மீட்டுக்கொள்ளும்.

உச்சவரம்பு இருக்கும் இடத்தில் ஒரு மாதம் ஏற்றாமல் விடுவது என்ன செய்யும் என்பதைத்தான் நான் காட்டவில்லை. விலை 100 என்று வைத்துக்கொள்வோம். அடக்க விலை மாதத்துக்கு 8 சதவீதம் ஏறுகிறது. சூத்திரப்படி நடந்தால் முதல் மாதம் அடக்கம் 108, விற்பனை 105, இடைவெளி 3. இரண்டாம் மாதம் 116.64-க்கு 110.25, இடைவெளி 6.39. மூன்றாம் மாதம் 10.21. மூன்றும் சேர்ந்து 19.60.

முதல் மாத உயர்வை மட்டும் விட்டால்? இடைவெளி 8, பிறகு 11.64, பிறகு 15.72. மொத்தம் 35.36. ஒரு மாதம் விட்டதன் செலவு மூன்று மாதத்தில் 15.76 ஆகிவிட்டது. குறிப்பில் இருந்தது 5. ஏற்றாமல் விட்ட ஒரு படி விட்டதுதான். சந்தை திரும்பும்வரை ஒவ்வொரு மாதமும் அந்த இடைவெளி கூடவே வரும்.

கோப்பில் இன்னொரு வரியும் சேர்ந்தது: "அடுத்த மாதம் சேர்த்து உயர்த்தப்படும்." இரண்டு மாதப் படியைச் சேர்த்தால் 10.25 சதவீதம் வரும். அதை அதே சூத்திரம் தடுக்கிறது. ஆக, முதல் விலக்கை ஈடுகட்டவே இரண்டாவது விலக்கு வேண்டும். இதை அன்றே சொல்லியிருக்கலாம். கேட்டது ஒரு மாதக் கணக்குதானே என்று இருந்துவிட்டேன்.

என் பக்க நியாயமும் கொஞ்சம் உண்டு. அந்த வாரம் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்த அறிவிப்பு கொடுத்திருந்தார்கள். நைஜீரியா 2012 ஜனவரி 1 அன்று பெட்ரோல் மானியத்தை ஒரே நாளில் எடுத்தது. 65 நைராவாக இருந்த லிட்டர் ஏறக்குறைய 140 ஆனது. நாடு தழுவிய வேலைநிறுத்தம் ஒரு வாரம் நடந்தது. ஜனவரி 16 அன்று விலை 97-க்கு இறங்கியது. ஈக்வடார் 2019 அக்டோபரில் மானியத்தை நீக்கிய ஆணையை இரண்டு வாரத்துக்குள் திரும்பப் பெற்றது. தெரு கொதிக்கும்போது அட்டவணையைப் பிடித்துத் தொங்குவதும் பொறுப்பாகாது.

தள்ளிப்போட்டும் சமாளித்தவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் என்னை இன்னும் குழப்புகிறது. இந்தியா 2013 ஜனவரியிலிருந்து டீசலை மாதத்துக்கு லிட்டருக்கு 50 காசு அளவில் ஏற்றிக்கொண்டே போனது. 2014 பொதுத்தேர்தல் சமயத்தில் நிறுத்தி வைத்து, வாக்குப்பதிவு முடிந்த கையோடு மே மாதத்தில் ஒரு ரூபாய்க்குச் சற்று மேல் சேர்த்து ஏற்றினார்கள். அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடே நீங்கியது. ஆனால் அங்கே படி சிறியது, தொகை முன்கூட்டியே தெரிந்தது, சேர்த்து ஏற்றுவதைத் தடுக்கும் 5 சதவீத வரம்பும் இல்லை. கச்சா எண்ணெய் விலையும் அந்த ஆண்டின் பிற்பாதியில் சரிந்து கைகொடுத்தது. அந்தச் சரிவு வராமல் இருந்திருந்தால் எப்படிப் போயிருக்கும் என்று எந்தக் கணக்கும் சொல்லாது.

விலை ஏற்றத்துக்காக மக்களுக்கு ஈடு கொடுக்கும் வரிசையும் முக்கியம். ஈரான் 2010 டிசம்பரில் விலையை ஏற்றுவதற்கு முன்பே குடும்பங்களின் வங்கிக் கணக்கில் பணத்தைப் போட்டது. விலை ஏறிய நாளில்தான் அதை எடுக்க முடிந்தது. இழப்பு வருவதற்கு முன்பே ஈடு கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் ஒரு தலைக்கு மாதம் 4,55,000 ரியால் என்ற தொகை நிலையாக நிற்க, பணவீக்கம் அதன் மதிப்பைத் தின்றது. ஈட்டுத்தொகையையும் விலையோடு சேர்த்து நகர்த்த வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

தாங்கும் இடைவெளி உடனே பட்ஜெட்டில் தெரியாததும் ஆபத்துதான். முதலில் அது எண்ணெய் நிறுவனத்தின் கணக்கில் "அரசிடமிருந்து வரவேண்டியது" என்று உட்காரும். நிறுவனம் வங்கியில் குறுகிய காலக் கடன் வாங்கிக் கப்பலுக்குப் பணம் கட்டும். வங்கி தயங்கத் தொடங்கினால் விற்பவருக்குப் பணம் வந்துசேரும் என்று வங்கி கொடுக்கும் கடன் உறுதிக் கடிதம் தாமதமாகும். கப்பல் துறைமுகத்துக்கு வெளியே சரக்கை இறக்காமல் நிற்கும். விலைப் பிரச்சினை பற்றாக்குறைப் பிரச்சினையாக மாறுவது இந்த இடத்தில்தான். இந்தியாவில் 2005 வாக்கில் தொடங்கி சில ஆண்டுகள் எண்ணெய் நிறுவனங்களுக்கு ரொக்கத்துக்குப் பதிலாக எண்ணெய்க் கடன் பத்திரங்களைக் கொடுத்தார்கள். அந்த ஆண்டுகளின் பட்ஜெட் பற்றாக்குறையில் அவை சேரவில்லை. அசலைத் திருப்பிக் கட்டும் சுமை 2026 வரை நீண்டது. இன்று ஏற்றாத விலையைப் பல ஆண்டு கழித்து வேறொரு அரசு கட்டுகிறது.

எங்கள் விஷயத்தில் நான்காம் மாதம் சந்தை திரும்பியது. தள்ளிப்போட்டது சரியாகப் போயிற்று என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் விலை இறங்கும் மாதம்தான் சூத்திரத்துக்குக் கடினமான மாதம். தாங்கியதை அப்போதுதான் மீட்க வேண்டும். உலகில் இறங்கியும் இங்கே ஏன் இறங்கவில்லை என்று மக்கள் கேட்பதும் அப்போதுதான். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஏற்றத்தின்போது எவ்வளவு தாங்கினோம் என்று அவர்களிடம் மாதாமாதம் சொன்னதே இல்லை.

அந்த மாதம் கோப்பு மறுபடி வந்தது. "முழுதாக இறக்கினால் எவ்வளவு?" இந்த முறை ஒற்றை எண் எழுதவில்லை. ஒவ்வொரு மாதத்துக்கும் அடக்கம், விற்பனை, இடைவெளி, சேர்ந்த நிலுவை என்று நான்கு பத்தி கொண்ட அட்டவணையாகப் பிரித்து, எத்தனை மாதத்தில் மீளும் என்பதையும் எழுதி அனுப்பினேன். படித்துவிட்டு முழுதாகவே இறக்கினார்கள். முதல் குறிப்பையும் அப்படி எழுதியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று அதன் பிறகு என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 15.76 அதில் இல்லையே என்ற உறுத்தல் மட்டும் அதனால் குறையவும் இல்லை.