முட்டுச்சந்துக் கணக்கு

திருவாரூர் ஆழித்தேர் ஓடும் நான்கு வீதிகளில் முட்டுச்சந்துக்கு இடமில்லை. தேருக்கு ரிவர்ஸ் கியர் கிடையாதே! புறவழிச்சாலையை ஒட்டி முளைக்கும் ‘நகர்’கள் வேறு ரகம். ஒருவர் வயல் ஒரு லேஅவுட் ஆகிறது. வரப்புதான் எல்லை, மெயின் ரோட்டுக்கு ஒரே வாசல், பக்கத்தில் வாய்க்கால்.

ஊர் எவ்வளவு இணைந்திருக்கிறது என்று பார்க்க, சந்திப்புகளில் எத்தனை தெரு சேர்கிறது என்று எண்ணிச் சராசரி எடுப்பார்கள். முட்டுச்சந்துக்கு 1, முச்சந்திக்கு 3, நாற்சந்திக்கு 4. வெறும் வளைவு கணக்கில் சேராது. நடுச்சாலை ஒன்று, அதன் இருபுறமும் ஐந்தைந்து குறுக்குத் தெரு, ஐந்தாவதோடு சாலை முடிகிறது என்று வையுங்கள். நாற்சந்தி 4, முச்சந்தி 1, முட்டு 10. 29-ஐ 15-ஆல் வகுத்தால் 1.93. இருபுற முனைகளையும் பின்தெரு போட்டு இணைத்தால் 37-ஐ 11-ஆல் வகுத்து 3.36. எண் அழகாகிவிட்டது, வாசல் என்னவோ இன்னும் ஒன்றுதான்! சராசரியை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஏமாறுவோம்.

அதனால் சுற்றி நடக்கும் தூரத்தையும் அளக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு லேஅவுட், ஒவ்வொன்றும் 300 மீட்டர் ஆழம், நடுச்சாலைகளுக்கு இடையே 100 மீட்டர், குறுக்குத் தெரு 40 மீட்டர். வாய்க்காலுக்கு இக்கரைக் கடைசி வீட்டிலிருந்து அக்கரை வீடு 20 மீட்டர். நடந்தால் 40+300+100+300+40, அதாவது 780 மீட்டர். 39 மடங்கு. பால் வாங்கக்கூட வண்டியை எடுப்பார்கள்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் (யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடம்) தரவில் கணக்கிடுவோர் கவனிக்க: ஊர் எல்லையில் வரைபடத்தை வெட்டும்போது வெட்டுப்பட்ட சாலையெல்லாம் பொய் முட்டுச்சந்தாகத் தெரியும். சற்றுத் தள்ளி வெட்டி, பிறகு உள்பகுதியை மட்டும் எண்ணுங்கள். வரைபடத்தில் ஏறாத நடைபாலங்களையும் நேரில் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

ஆய்வாளர்கள் பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் இருவரின் 2015 ஆய்வுப்படி அமெரிக்காவில் இப்படித் தெருக்கள் இணையாமல் ஊர் சிதறி விரியும் போக்கு 1994 வாக்கில் உச்சம் தொட்டு இறங்கியது. ஆக, போக்கைத் திருப்ப முடியும். ஆனால் போட்ட தெருவைத் திருத்துவது கடினம். கடைசி மனைக்கு எண் போட்டு விற்றுவிட்டால் பாதைக்கு இடமே இருக்காது. ஒப்புதல் வரைபடத்திலேயே லேஅவுட்டின் எல்லைக்கோடு வரை சாலை போகிறதா, முனையில் மனை மறிக்கிறதா என்று பாருங்கள்.

பக்கத்து லேஅவுட்டோடு இணைக்க வாய்க்கால் மேல் பாலம் என்றால் லாரி போகும் அளவுக்கு வேண்டியதில்லை. நடக்க, சைக்கிள் தள்ள இடம் போதும். குறுகலான சிமெண்ட் குழாய் புதைத்து மண் மூடுவதுதான் வழக்கமான தப்பு. ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு கடைமடைக்குத் தண்ணீர் போகாது. வாய்க்காலின் முழு அகலத்துக்கும் பலகைக்கல் போடச் சொல்லுங்கள். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன் வேலை முடிய வேண்டும்.